கேளுங்க சொல்றேன்: லவ் படங்கள் ஸ்பெஷல்

இந்த வாரம் வந்த கேள்வியெல்லாம் பிரிச்சுப் பாத்தா முக்காவாசி லவ் படங்களைப் பத்தியே இருக்கு, அதனால மத்ததை அடுத்த வாரத்துக்கு எடுத்து வெச்சுட்டு இதையே மொத்தமா பேசிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். உலகம் பூரா எடுத்த படங்களா கேட்ருக்கீங்க, ரொம்ப சந்தோஷமா இருக்கு. க்ளைமாக்ஸ் தெரிஞ்சா கோவம் வர்றவங்க மட்டும் படத்தோட பேரைப் பாத்துட்டுத் தாண்டிப் போயிடுங்க, ஏன்னா முடிவைத் தொடாம சில படங்களைப் பத்திப் பேசவே முடியாது.

கேள்வி: ரொமான்டிக் காமெடின்னாலே எல்லாம் ஒரே கதைதான சார்? கடைசியில ரெண்டு பேரும் சேந்துடுவாங்கன்னு போஸ்டரைப் பாத்தாலே தெரியுது, அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்கணும்?

பதில்: முடிவு தெரியும், ஒத்துக்கறேன். ஆனா எது அவங்களைச் சேர விடாம நடுவுல நிக்குது, அதை எப்படித் தாண்டி வர்றாங்க, இதைப் பாக்கத்தான் உக்கார்றோம். அந்தத் தடை நிஜமா இருந்தா படம் நிக்கும். ஒரு நிமிஷம் வாயைத் திறந்து பேசினா தீந்து போற விஷயத்தை வெச்சுக்கிட்டு இன்டர்வெல் தாண்டியும் இழுத்தா நமக்கு எரிச்சல்தான் வரும், நீங்க சலிச்சுப் போனது அந்த மாதிரி படங்களைப் பாத்துதான்னு நினைக்கிறேன்.

ஃப்ராங்க் கேப்ரா எடுத்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' பாருங்க, 1934ல வந்தது. பணக்கார அப்பாகிட்ட இருந்து ஓடி வர்ற பொண்ணு, வேலை போன ஒரு பத்திரிகைக்காரன், ரெண்டு பேரும் ஃப்ளோரிடால இருந்து நியூயார்க் போற வழியில ஒண்ணா மாட்டிக்கறாங்க, கையில காசு கம்மி, ராத்திரி ஒரே ரூம்ல தங்கியாகணும். அவன் நடுவுல ஒரு கயித்தைக் கட்டி போர்வையைத் தொங்க விடறான். வெறும் ஒரு போர்வை சார், ஆனா அந்தப் பக்கம் இவ, இந்தப் பக்கம் அவன், நடுவுல பணம், திமிரு, பயம் எல்லாமே அதுலதான் தொங்குது. கடைசியில வேற ஒருத்தனோட நடக்க இருக்கற கல்யாணத்துக்கு இவ நடந்து போகும்போது அவளைக் கூட்டிட்டுப் போற அப்பாவே காதுல மெதுவா ஓடிப் போகச் சொல்லுவார் பாருங்க, படம் பூரா யாரைத் தடைன்னு நினைச்சோமோ அவரே கதவைத் திறந்து விடறார். சிறந்த படம், டைரக்டர், நடிகர், நடிகை, திரைக்கதைன்னு அஞ்சு பெரிய ஆஸ்கரையும் முதல்ல வாங்கின படம் இதுதான், அடுத்து அந்த மாதிரி அஞ்சும் ஒரே படத்துக்குக் கிடைக்க 1975ல வந்த படம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த எத்தனையோ ரோட் ட்ரிப் லவ் படங்கள்ல இதோட சாயல் இருக்கு, ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

கேள்வி: என் ஃப்ரெண்ட் லவ் படமே பாக்க மாட்டான், ஆக்‌ஷன் மட்டும்தான். அவனை உக்கார வெச்சு ஒரே ஒரு படம் காட்டணும்னா எது?

பதில்: சாப்ளினோட 'சிட்டி லைட்ஸ்', 1931. யோசிக்கவே வேணாம். அப்போ பேசும் படம் வந்து எல்லாரும் மைக் பின்னாடி ஓடிட்டு இருந்த நேரம், இவர் மட்டும் பிடிவாதமா வசனம் இல்லாமலே எடுத்தார். பார்வை இல்லாத பூக்காரப் பொண்ணு ஒரு நாடோடியைப் பணக்காரன்னு நினைச்சுக்கணும், இதை ஒரு வார்த்தை பேசாம எப்படிக் காட்டறது? அந்த சீனை 300 தடவைக்கு மேல எடுத்திருக்கார். கடைசியில கிடைச்ச வழி ஒரு கார் கதவு. நாடோடி ட்ராஃபிக்கைத் தாண்டறதுக்காக நிக்கற காருக்குள்ள ஒரு பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்கறான், கதவு சாத்தற சத்தத்தைக் கேட்டு காரோட சொந்தக்காரர்தான் இறங்கறார்னு அவ நினைச்சுக்கறா. அவ்ளோதான், மொத்தக் கதையும் அந்த ஒரு கதவுல கிளம்பிடுது. க்ளைமாக்ஸ்ல பார்வை வந்தப்புறம் அவ அவன் கையைத் தொட்டு யாருன்னு தெரிஞ்சுக்கற இடம் இருக்கே, அப்போ உங்க ஃப்ரெண்ட் மூஞ்சியைப் பாக்காதீங்க, பாவம், அவர் நிம்மதியா அழட்டும்.

கேள்வி: சேந்த ஜோடியெல்லாம் மறந்து போகுது, சேராம போன ஜோடிதான் வருஷக்கணக்கா மனசுல நிக்குது. இது ஏன்? நம்ம மனசுலயே ஏதும் கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சேந்துட்டா நம்ம வேலை முடிஞ்சுடுது, அவங்க பாத்துக்குவாங்கன்னு எழுந்து வந்துடறோம். சேரலைன்னா மிச்சக் கதையை நாமதான் தூக்கிட்டு வரணும். ஆனா ஒண்ணு, சும்மா யாராவது செத்துப் போயி பிரியறதால மட்டும் படம் மனசுல நிக்காது, அது ரொம்ப சுலபமான வழி. ரெண்டு பேரும் உயிரோட இருந்து, ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்து, அப்படியும் முடியாம போகுது பாருங்க, அதுதான் நிக்கும்.

'ரோமன் ஹாலிடே' எடுத்துக்கோங்க, 1953. இளவரசி ஒரு நாள் மட்டும் ஓடி வந்து ரோம்ல ஸ்கூட்டர்ல சுத்தறா, கூட ஒரு ரிப்போர்ட்டர். வில்லன்னு யாருமே இல்ல. கடைசியில பிரஸ் மீட்ல எல்லார் முன்னாடியும் ரெண்டு பேரும் முன்பின் தெரியாதவங்க மாதிரி கை குலுக்கணும், சபை மரியாதைக்குப் பேசற வார்த்தைக்குள்ளயே எல்லாத்தையும் சொல்லிக்கணும். ஆட்ரி ஹெப்பர்னுக்கு அதுல ஆஸ்கர் கிடைச்சது, நியாயமான ஆஸ்கர். அந்தப் படத்தோட கதையை எழுதின டால்டன் ட்ரம்போ அப்போ ஹாலிவுட்ல கம்யூனிஸ்ட்னு முத்திரை குத்தி ஒதுக்கி வெக்கப்பட்டவர், அதனால இன்னொருத்தர் பேர்ல கதை வந்து ஆஸ்கரும் அவர் பேருக்கே போச்சு. 1976ல ட்ரம்போ இறந்துட்டார், 1993லதான் அந்த விருதை அவர் பேருக்குக் கொடுத்தாங்க. யாருன்னு வெளிய சொல்லிக்க முடியாத ரெண்டு பேரோட கதையை, எழுதினது நான்தான்னு வெளிய சொல்லிக்க முடியாத ஒருத்தர் எழுதியிருக்கார், இதை நினைக்கறப்பல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துடும்.

டேவிட் லீனோட 'ப்ரீஃப் என்கவுன்டர்' 1945. கல்யாணமான ரெண்டு பேர், ஒரு ரயில்வே ஸ்டேஷன் டீ ரூம், வியாழக்கிழமைகள். அவங்க கடைசியா பிரியற நிமிஷத்துல தெரிஞ்ச பொம்பள ஒருத்தங்க வந்து உக்காந்து தொணதொணன்னு பேச ஆரம்பிச்சுடறாங்க, விடை சொல்லிக்கவே முடியல, ரயில் வந்துடுது, அவர் எழுந்து போகும்போது அவ தோள்மேல ஒரு தடவை கையை அழுத்திட்டுப் போறார். அழுகை, ஓட்டம், கட்டிப்பிடிக்கறது எதுவும் கிடையாது. நான் பாத்த பிரிவு சீன்கள்லயே இதைத்தான் முதல்ல வெப்பேன்.

அப்புறம் ஃப்ரெஞ்சுல ஜாக் டெமி எடுத்த 'தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்', 1964. படத்துல ஒரு வசனம் கூட பேச மாட்டாங்க, எல்லாமே பாட்டு, மெக்கானிக் ஷெட்ல வண்டியைப் பத்திக் கேக்கறது கூட பாட்டுதான். முதல் பத்து நிமிஷம் வித்தியாசமா இருக்கும், தாண்டிடுங்க. குடைக்கடைப் பொண்ணு, மெக்கானிக் பையன், அவனை அல்ஜீரியாவுக்கு ரெண்டு வருஷம் ராணுவத்துக்கு அனுப்பிடறாங்க, இவ வயித்துல குழந்தை, அவன்கிட்ட இருந்து லெட்டர் குறையுது, அம்மா வேற ஒரு நல்ல மாப்பிள்ளையைக் காட்டறாங்க. நல்ல மாப்பிள்ளைதான், அதுதான் கஷ்டம். வருஷங்கள் கழிச்சு பனி கொட்டற ஒரு ராத்திரி அவனோட பெட்ரோல் பங்க்ல இவ கார் வந்து நிக்குது, உள்ளே அவனோட பொண்ணு இருக்கா. பெட்ரோல்ல எது வேணும்னு கடைப்பையன் கேக்கற கேள்வி நடுவுல வந்து விழும், அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைக்கும். ரெண்டு பேருமே அவங்கவங்க வாழ்க்கையில நல்லாதான் இருக்காங்க, அப்படியும் நமக்கு ஆறாது.

வாங் கார் வாய் எடுத்த 'இன் தி மூட் ஃபார் லவ்', 2000ல வந்தது, இதைச் சொல்லாம இந்தப் பதிலை முடிச்சா தூக்கம் வராது. 1962 ஹாங்காங், பக்கத்து பக்கத்து ரூம் வாடகைக்கு எடுத்த ரெண்டு குடும்பம், இவ புருஷனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் தொடர்பு இருக்குன்னு இவங்க ரெண்டு பேரும் கண்டுபிடிக்கறாங்க. துரோகம் பண்ண அந்த ரெண்டு பேர் முகத்தை டைரக்டர் காட்டவே மாட்டார், முதுகு, குரல், அவ்ளோதான். ஏமாந்த ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அது எப்படி ஆரம்பிச்சிருக்கும்னு நடிச்சுப் பாக்கறாங்க, நடிக்க நடிக்க நிஜமாவே ஒட்டிக்குது, ஆனா அவங்க மாதிரி நாம ஆயிடக்கூடாதுன்னு ஒரு பிடிவாதம். பிரிவைக் கூட முன்னாடியே ஒத்திகை பாக்கறாங்க, ஒத்திகையிலேயே அவ உடைஞ்சு அழுதுடறா. வெளியில இருந்து யாரும் தடுக்கல, அவங்களோட மானமே குறுக்க நிக்குது. இதுல நடிச்ச டோனி லியுங்குக்கு ஃப்ரான்ஸ்ல நடக்கற கான் திரைப்பட விழாவுல சிறந்த நடிகர் விருது கிடைச்சது இதுக்குத்தான்.

கேள்வி: கொரியன் லவ் படம் எதுல ஆரம்பிக்கலாம்? சீரிஸ் வேணாம், அவ்ளோ எபிசோட் பாக்க நேரமில்ல.

பதில்: சிரிக்கணும்னா 'மை சாஸி கேர்ள்', 2001. ஒருத்தர் தன் காதலியைப் பத்தி இன்டர்நெட்ல தொடர்ச்சியா எழுதிட்டு வந்தது புக்காகி அப்புறம் படமாச்சு. அந்தப் பொண்ணு அடிக்கறா, அதட்டறா, இவன் பேசாம வாங்கிக்கறான், ஏன் அப்படி இருக்கான்னு பின்னாடி தெரியும்போது முதல்ல சிரிச்சதெல்லாம் வேற மாதிரி ஆயிடும்.

அமைதியா ஒண்ணு வேணும்னா 'கிறிஸ்மஸ் இன் ஆகஸ்ட்', 1998. போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கற ஒருத்தருக்கு சீக்கிரம் சாகப் போறோம்னு தெரியும், ட்ராஃபிக் டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கற பொண்ணு அடிக்கடி கடைக்கு வர்றா, அவர் அவகிட்ட சொல்லவே மாட்டார். இதுல லவ் சீனை விட எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது, வயசான அப்பாவுக்கு வீடியோ ப்ளேயரை எப்படிப் போடறதுன்னு சொல்லிக் கொடுக்கற சீன். அப்பாவுக்குப் புரியல, இவருக்குக் கோவம் வந்து எழுந்து போயிடறார், அப்புறம் பேப்பர்ல ஒண்ணொண்ணா எழுதி வெக்கறார். தனக்கப்புறம் அப்பாவுக்கு யாரு போட்டுக் கொடுப்பாங்கங்கற கவலைதான் அது, படத்துல ஒரு இடத்துலயும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: நான் காலேஜ் படிக்கறேன். ஹீரோ விடாம பின்னாடியே சுத்தினா ஹீரோயின் மனசு மாறிடும்னு படத்துல காட்டறாங்க, நிஜத்துல அது எவ்ளோ பயமா இருக்கும்னு எங்களுக்குத்தான் தெரியும். உலகப் படங்கள்லயும் இதே கதைதானா?

பதில்: அங்கயும் நிறைய இருக்கும்மா, மறைக்க வேண்டியதில்ல. ஜன்னல் கீழ நின்னு பாட்டுப் போடறது, நண்பனோட பொண்டாட்டிகிட்ட அட்டையில எழுதிக் காட்டறதுன்னு ஹாலிவுட், பிரிட்டிஷ் படங்கள்ல கொண்டாடற சீன்களை எல்லாம் இன்னைக்குப் பாத்தா எனக்கு நெளியுது. அவ வேணாம்னு சொல்றதை ஒரு தடையா மட்டும் பாக்கற படம் தப்பான படம்தான். அது அவளோட பதில், தாண்டிக் குதிக்கறதுக்கு வெச்ச வேலி கிடையாது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன், 'வென் ஹாரி மெட் சாலி', 1989. நோரா எஃப்ரான் எழுதினது. 12 வருஷத்துக் கதை, முதல் சந்திப்புல பிடிக்கல, அஞ்சு வருஷம் கழிச்சும் பிடிக்கல, அப்புறம் நட்பு, ராத்திரி போன்ல பேசிக்கிட்டே ஆளுக்கொரு வீட்டுல ஒரே படத்தைப் பாக்கறது. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஓடல, ரெண்டு பேரும் பேசிப் பேசியே மாறறாங்க. முதல்ல இவங்க சேராத மாதிரிதான் முடிவு யோசிச்சு வெச்சிருந்தாங்க, ஷூட்டிங் சமயத்துல டைரக்டர் ராப் ரைனர் தன்னோட வருங்கால மனைவியைச் சந்திச்சார், முடிவும் மாறிடுச்சு.

கியாரோஸ்தமியோட ஈரானியப் படம் 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்', 1994, இதுல உங்க கேள்வி நேராவே இருக்கு. பூகம்பம் வந்த கிராமத்துல ஒரு சினிமா எடுக்கறாங்க, புருஷன் பொண்டாட்டியா நடிக்கற ரெண்டு பேர்ல, நிஜத்துல அந்தப் பையன் கேட்டு பொண்ணு வீட்டுல மறுத்திருக்காங்க, வீடு இல்ல, படிப்பு இல்லன்னு. இப்போ பூகம்பத்துல எல்லார் வீடும்தான் போச்சு, இன்னும் என்ன வித்தியாசம்னு அவன் கேக்கறான். அவ ஒரு வார்த்தை பதில் பேச மாட்டா. கடைசி ஷாட்ல ஆலிவ் தோப்பைத் தாண்டி அவ நடந்து போறா, இவன் பின்னாடி ஓடறான், கேமரா ரொம்ப தூரத்துல மலை மேலயே நின்னுடுது, ரெண்டு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும். அவ என்ன சொன்னாங்கறது அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான், நமக்குக் கிடையாது. அவ பதிலுக்கு அந்த டைரக்டர் கொடுத்த மரியாதை அது. ஆனா அவன் அவ்ளோ நேரம் விடாம பேசிக்கிட்டே போறது சரியாங்கற கேள்வி எனக்கும் இருக்கு, பாத்துட்டு நீங்க எழுதுங்க, அடுத்த மாசம் போடறேன்.

கேள்வி: டப்பிங்கா, சப்டைட்டிலா?

பதில்: சப்டைட்டில். குரலும் நடிப்புதான், அதை எடுத்துட்டா பாதி ஆளு போயிடுவார்.

கேள்வி: லவ் படம்னாலே இருபது வயசுதானா? ரிட்டயர் ஆன எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாதா?

பதில்: இருக்கு சார், அருமையாவே இருக்கு. ஜெர்மன்ல ஃபாஸ்பைண்டர் 1974ல எடுத்த 'ஆலி: ஃபியர் ஈட்ஸ் தி சோல்'. க்ளீனிங் வேலை பாக்கற வயசான விதவை, மழைக்கு ஒதுங்கி ஒரு பார்ல நுழையறா, அங்க மொராக்கோவுல இருந்து வந்த இளைஞன். கல்யாணமே பண்ணிக்கறாங்க. அவ பசங்க முன்னாடி விஷயத்தைச் சொல்றா, ஒரு பையன் எழுந்து டிவியை எட்டி உதைச்சு உடைக்கறான். அக்கம்பக்கம் ஒதுக்குது, கடைக்காரர் ஒதுக்கறார். அப்புறம் அவங்களுக்கு இவளால ஒரு காரியம் ஆகணும்னதும் ஒவ்வொருத்தரா திரும்பி வந்து சிரிக்கறாங்க. அந்தத் திரும்பி வர்ற பகுதி இருக்கே, ஒதுக்கினதை விட அதுதான் வலிக்கும்.

இன்னொண்ணு க்ளாட் லெலூஷோட 'எ மேன் அண்ட் எ வுமன்', 1966. புருஷனை இழந்தவ, மனைவியை இழந்தவர், பசங்க படிக்கற ஹாஸ்டல் ஸ்கூல்ல சந்திக்கறாங்க, நடுவுல நிக்கறது செத்துப் போன புருஷனோட ஞாபகம். இதே ரெண்டு பேரை, அதே நடிகர்களை வெச்சு அதே டைரக்டர் 2019ல திரும்ப ஒரு படம் எடுத்தார், இப்போ அவர் முதியோர் இல்லத்துல ஞாபகம் மங்கி உக்காந்திருக்கார், அவ தேடிப் போறா. ரெண்டையும் அடுத்தடுத்து பாருங்க. அதே முகங்கள் 50 வருஷத்துக்கு மேல வயசாகி வந்து நிக்கறதை எந்த மேக்கப்பும் கொண்டு வர முடியாது.

கேள்வி: இப்போ எல்லார் கையிலயும் போன் இருக்கு, ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது. இனிமே லவ் படத்துக்கு என்ன தடையை வெப்பாங்க?

பதில்: நல்ல கேள்வி, எழுதறவங்க எல்லாரும் முழிக்கற இடம் இது. 1995ல 'பிஃபோர் சன்ரைஸ்'ல வியன்னாவுல ஒரு ராத்திரி சுத்தின ரெண்டு பேர் நம்பரே வாங்கிக்காம ஆறு மாசம் கழிச்சு இதே ப்ளாட்ஃபார்ம்ல பாப்போம்னு பிரியறாங்க, இன்னைக்கு அதை நம்ப வெக்கறது ரொம்பக் கஷ்டம். ஆனா ஃபின்லாந்து டைரக்டர் அகி கௌரிஸ்மாகி 2023ல 'ஃபாலன் லீவ்ஸ்'ல தைரியமா பண்ணிட்டார். அவ ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதிக் கொடுக்கறா, அவன் பாக்கெட்ல இருந்து எதையோ எடுக்கும்போது சீட்டு பறந்து போயிடுது, பேரு கூடத் தெரியாது. அவன் சினிமா தியேட்டர் வாசல்ல வந்து வந்து நிக்கறான், அவ ஒரு நாள் அங்க வந்து கீழ கெடக்கற சிகரெட் துண்டுகளைப் பாக்கறா. அழகா இருக்கும். ஆனா நிஜமான தடை அந்தச் சீட்டே இல்ல, அவனோட குடி. குடியால அப்பா, அண்ணன் தம்பின்னு பறிகொடுத்தவ அவ, குடிகாரன் எனக்கு வேணாம்னு முகத்துக்கு நேரா சொல்லிடறா. எந்தப் போனாலயும் அதைத் தீக்க முடியாது. 81 நிமிஷப் படம், ஒரு ஷாட் அதிகம் கிடையாது.

'பாஸ்ட் லைவ்ஸ்' அதே 2023. சின்ன வயசுல கொரியால ஒண்ணாப் படிச்ச ரெண்டு பேர், அவ குடும்பத்தோட வெளிநாடு போயிடறா, 12 வருஷம் கழிச்சு இன்டர்நெட்ல கண்டுபிடிச்சு தினமும் வீடியோ கால்ல பேசறாங்க. இங்க பாருங்க, டெக்னாலஜி சேத்து வெக்குது, ஆனா அதுவே வலியாவும் ஆகுது, முகம் தெரியுது, ஆள் இல்ல. அவளே ஒரு நாள் நிறுத்திக்கலாம்னு சொல்றா. இன்னொரு 12 வருஷம் கழிச்சு அவன் நியூயார்க் வரும்போது அவளுக்குக் கல்யாணமாகி நல்ல புருஷன் இருக்கார், அவரை வில்லனாக்காம கடைசி வரைக்கும் மனுஷனாவே வெச்சிருக்கார் டைரக்டர் செலின் சாங். போன் வந்து தூரத்தைக் குறைச்சுடுச்சு, காலத்தை அதால ஒண்ணும் பண்ண முடியல.

கேள்வி: காமெடி எடுக்கறது கஷ்டமா, அழுகை எடுக்கறது கஷ்டமா?

பதில்: ரெண்டையும் ஒரே படத்துல எடுக்கறதுதான் கஷ்டம். பில்லி வைல்டரோட 'தி அபார்ட்மென்ட்', 1960. ப்ரமோஷனுக்காக ஆஃபீஸ் பெரியவங்களுக்கு, அவங்க கள்ள உறவுக்கு, தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கற ஒரு க்ளர்க். அவனுக்குப் பிடிச்ச லிஃப்ட் ஆப்பரேட்டர் பொண்ணையே அவன் மேனேஜர் அங்க கூட்டிட்டு வந்திருக்கார்னு உடைஞ்ச ஒரு சின்னக் கண்ணாடியைப் பாத்து அவனுக்குத் தெரிய வருது. நடுவுல ஒரு தற்கொலை முயற்சி கூட இருக்கு, ஆனா கொஞ்ச நேரத்துலயே டென்னிஸ் ராக்கெட்ல ஸ்பகெட்டி வடிகட்டறான், நாம சிரிக்கறோம், அந்தச் சிரிப்பு கொஞ்சம் கூட அசிங்கமாத் தெரியல. ஏன்னா அவளை உயிரோட வெச்சுக்கத்தான் அவன் அவ்ளோ கோமாளித்தனமும் பண்றான். அந்த வருஷம் தயாரிப்பு, டைரக்‌ஷன், திரைக்கதைன்னு வைல்டர் ஒருத்தரே மூணு ஆஸ்கர் வாங்கினார்.

கேள்வி: கல்யாணத்தோட படம் முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் எடுக்க மாட்டாங்களா? எங்களுக்குக் கல்யாணமாகி வருஷம் பல ஆச்சு, நாங்க பாக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

பதில்: எடுத்திருக்காங்க, தேடினா கிடைக்கும். சிரிச்சுக்கிட்டே பாக்க 'தி ஆஃபுல் ட்ரூத்', 1937, டைவர்ஸ் கேட்டுப் போன புருஷனும் பொண்டாட்டியும் தீர்ப்பு உறுதியாகறதுக்குள்ள ஒருத்தர் இன்னொருத்தரோட புது சம்பந்தத்தைக் கெடுக்கறாங்க. ரோசெல்லினியோட 'ஜர்னி டு இத்தாலி', 1954, கசந்து போன ஒரு ஜோடி நேப்பிள்ஸ் போறாங்க, பக்கத்துல எரிமலை வெடிச்சுப் புதைஞ்சு போன பொம்பேய்ங்கற பழைய ஊர்ல மண்ணுக்கடியில சாம்பல்ல சேந்து செத்துப் போன ஒரு ஜோடியோட உருவத்தைத் தோண்டி எடுக்கறதைப் பாத்து அவ தாங்க முடியாம திரும்பிடறா, அந்த இடத்துல நாமளும் பக்கத்துல இருக்கறவங்களைத் திரும்பிப் பாப்போம்.

ஆனா உங்களுக்கு நான் முதல்ல சொல்றது 'பிஃபோர்' வரிசைதான். மேல சொன்ன வியன்னா படம் 1995, அடுத்தது பாரீஸ்ல 2004, மூணாவது 'பிஃபோர் மிட்நைட்' க்ரீஸ்ல 2013, அதே ஈத்தன் ஹாக், அதே ஜூலி டெல்பி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 9 வருஷம், கதையிலயும் அதே 9 வருஷம். முதல் படத்துல ரயில்ல ஒரு புருஷன் பொண்டாட்டி கத்தி சண்டை போடறாங்க, அந்தச் சத்தம் தாங்காம அவ எழுந்து சீட் மாறி உக்கார்றா, அப்படித்தான் அவனைப் பாக்கறா. மூணாவது படத்துல ஹோட்டல் ரூம்ல அந்தக் கத்தற ஜோடி இவங்களே. யார் வேலையை யார் விட்டது, பசங்களை யார் பாக்கறது, எந்த ஊர்ல இருக்கறதுன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும், ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும், நீங்க ஒரு பக்கம் சாஞ்சா அடுத்த நிமிஷமே மறுபக்கம் இழுத்துடுவாங்க. மூணையும் ஒரே நாள்ல பாத்துடாதீங்க, நடுவுல சில வாரமாவது விடுங்க. மூணாவதைப் பாக்கற அன்னைக்கு ரெண்டு பேரும் நல்லாத் தூங்கி எழுந்த நாளா பாத்துக்கோங்க, ஏன்னா படம் முடிஞ்சதும் கண்டிப்பா பேச வேண்டி வரும்.